62 சென்ட்டுக்குள் இருக்கும் டென்னிஸ்

கேள்வி சுருக்கமாக இதுதான். விம்பிள்டன் மேட்ச் நடந்துகொண்டிருக்கும்போதே கணிப்புச் சந்தைத் தளங்களில் ஒரு வீரருக்கு 62 சென்ட், எதிராளிக்கு 38 சென்ட் என்று விலை ஓடுகிறதே, அதை யார் வைக்கிறார்கள்? டென்னிஸ் நன்றாகத் தெரிந்த ஒருவர் அதில் காசு பார்க்க முடியுமா? புல்தரை என்பதால் கணக்கு மாறுமா? மேட்ச் முடியப்போகிற நேரத்தில் 97 சென்ட்டுக்கு வாங்கிப்போட்டால் 3 சென்ட் சும்மா வருமே, அதில் என்ன தப்பு?

என்னைப் பற்றி இரண்டு வரி. லண்டனில் பங்குச் சந்தைகளுக்கு ஆர்டர் பொருத்தும் மென்பொருள் எழுதுவது என் பிழைப்பு. ஜூன், ஜூலையில் மட்டும் டென்னிஸ் பைத்தியம். இங்கே சட்டம் அனுமதிக்கும் எக்ஸ்சேஞ்ச் ஒன்றில் மூன்று சீசன் ஆடிப் பார்த்துவிட்டு, பெரிய நஷ்டம் இல்லாமல், ஆனால் கொஞ்சம் ரோஷத்தோடு, கணக்கை மூடியவன்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த விலை பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். நம்மைப் போன்றவர்களுக்கு அங்கே காசு இல்லாததற்குக் காரணமும் அதுவே. அது தப்பாக இருக்கிற சில நொடிகள் உண்டு, ஆனால் அந்த நொடிகள் நம் திரைக்கு வந்து சேர்வதே இல்லை. இனி விவரம்.

விலை எப்படி வருகிறது என்பதைப் பழைய புக்மேக்கரிலிருந்து தொடங்கினால் சுலபமாகப் புரியும். புக்மேக்கர், அதாவது பந்தயக் கடைக்காரர், ஒரு வீரருக்கு 1.25, மற்றவருக்கு 4.00 என்று போடுகிறார் என்று வையுங்கள். ஒரு பவுண்டு கட்டி ஜெயித்தால் அத்தனை பவுண்டு திரும்பி வரும் என்று பொருள். ஒன்றை 1.25-ஆல் வகுத்தால் 80 சதவீதம், 4-ஆல் வகுத்தால் 25 சதவீதம். கூட்டினால் 105. நூறுக்கு மேல் இருக்கும் அந்த ஐந்துதான் கடைக்காரர் லாபம். நீங்கள் அவரை எதிர்த்து ஆடுகிறீர்கள். தொடர்ந்து ஜெயிக்கிறீர்கள் என்று தெரிந்தால், பத்து பவுண்டுக்கு மேல் வாங்கமாட்டேன் என்று உங்கள் கணக்குக்குக் கட்டுப்பாடு வைப்பார்.

2000-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வந்த பெட்ஃபேர் இந்தக் கடைக்காரரை நடுவிலிருந்து எடுத்தது. ஜெயிப்பார் என்பவரும் தோற்பார் என்பவரும் நேருக்கு நேர் பொருத்தப்படுவார்கள். தளத்துக்கு வென்றவர் லாபத்தில் கமிஷன். இன்று பேசப்படும் கால்ஷி, பாலிமார்க்கெட் இரண்டும் அடிப்படையில் இதே யோசனைதான், ஆனால் உடுப்பு பங்குச் சந்தை உடுப்பு. "இந்த வீரர் ஜெயிப்பார்: ஆம்" என்பது ஒரு காகிதம். ஜெயித்தால் 1 டாலர், தோற்றால் பூஜ்யம். நீங்கள் "ஆம்" காகிதத்தை 62 சென்ட்டுக்குக் கேட்கிறீர்கள், எங்கோ இருக்கும் இன்னொருவர் "இல்லை" காகிதத்தை 38 சென்ட்டுக்குக் கேட்கிறார். இரண்டும் சேர்ந்து 1 டாலர் ஆயிற்று, ஒப்பந்தம் பிறந்தது. அந்த டாலர் பூட்டி வைக்கப்படும், மேட்ச் முடிந்ததும் ஒருவர் கைக்கு முழுதாகப் போகும். கால்ஷிக்கு 2020-ல் அமெரிக்காவில் முன்பேர வணிகத்தைக் கண்காணிக்கும் சி.எஃப்.டி.சி. உரிமம் கொடுத்தது, விளையாட்டு ஒப்பந்தங்களை 2025 ஜனவரியில்தான் ஆரம்பித்தார்கள். இது பேர் மாற்றிய சூதாட்டம் என்று பல அமெரிக்க மாநிலங்கள் அவர்களோடு வழக்காடுகின்றன. பாலிமார்க்கெட் பிளாக்செயினில் ஓடுவது. 2022-ல் அதே சி.எஃப்.டி.சி.யிடம் 14 லட்சம் டாலர் அபராதம் கட்டிவிட்டு அமெரிக்காவை விட்டு வெளியேறி, 2025-ல் உரிமம் உள்ள ஒரு சிறு எக்ஸ்சேஞ்சை விலைக்கு வாங்கி, அந்த வழியாக உள்ளே வர ஏற்பாடு செய்தது.

ஆக 62 சென்ட் என்பதை எந்த நிபுணரும் வைக்கவில்லை. கடைசியாக இரண்டு பேர் ஒத்துக்கொண்ட இடம் அது. இங்கே முதல் கண்ணி: திரையில் பெரிதாகத் தெரியும் 62 உங்களுக்குக் கிடைக்கும் விலையாக இருக்க வேண்டியதில்லை. வாங்கவும் விற்கவும் காத்திருப்பவர்களின் பட்டியலான ஆர்டர் புக்கைத் திறந்து பாருங்கள். வாங்க நிற்பவர்கள் 61 சென்ட்டில் 800 காகிதத்துக்கு, 60-ல் 2,500-க்கு. விற்க நிற்பவர்கள் 62-ல் 300, 63-ல் 1,900. இப்படி ஒரு புக் இருக்கும்போது ஆயிரம் காகிதம் வேண்டும் என்று பொத்தானை அழுத்தினால், முதல் 300 மட்டும் 62-ல் கிடைக்கும், மீதி 700 63-ல். மொத்தம் 627 டாலர். மனம் மாறி அடுத்த நொடியே விற்றால் 800 காகிதம் 61-ல், 200 காகிதம் 60-ல், கைக்கு 608. ஒரு பந்துகூட அடிக்கப்படவில்லை, 19 டாலர் போய்விட்டது. தளத்தின் கட்டணம் இருந்தால் அது வேறு. கால்ஷி பொதுவாக வைத்திருக்கும் சூத்திரத்தில் கட்டணம் 50 சென்ட்டுக்குப் பக்கத்தில்தான் அதிகம், இரு ஓரங்களிலும் குறைவு. அதாவது மேட்ச் சமமாக, சுவாரசியமாக இருக்கும்போதுதான் உங்களிடமிருந்து அதிகம் பிடிக்கிறார்கள்.

அடுத்தது அந்த 62-ன் பொருள். "இவர் ஜெயிப்பார்" என்று அது சொல்லவில்லை. இப்படிப்பட்ட நூறு மேட்ச்சை எடுத்தால் சுமார் 62-ல் இவர் நிலையில் இருப்பவர் ஜெயிப்பார் என்கிறது. ஒரே மேட்ச்சை வைத்து "சந்தை தப்பாகச் சொல்லிவிட்டது" என்று கத்துகிறவர்களை நான் கண்டுகொள்வதே இல்லை.

டென்னிஸுக்கென்று ஒரு விசேஷம் உண்டு: மிகச் சிறிய வித்தியாசத்தை இந்த விளையாட்டின் ஸ்கோர் முறை ஊதிப் பெரிதாக்கும். ரோஜர் ஃபெடரர் 2024 ஜூனில் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரிப் பட்டமளிப்பு விழாவில் தன் கணக்கைத் தானே சொன்னார். 1,526 ஒற்றையர் மேட்ச். கிட்டத்தட்ட 80 சதவீதத்தில் வெற்றி. ஆனால் எடுத்த புள்ளிகள் 54 சதவீதம்தான். அவர் பேசியது தோல்வியைக் கடப்பது பற்றி. எனக்கு அது கணக்குப் பாடமாகத்தான் காதில் விழுந்தது. ஐந்து செட் மேட்ச்சில் நூறு புள்ளிக்கு 51 எடுக்கிறவருக்கு ஜெயிக்கும் வாய்ப்பு தோராயமாக 60 சதவீதம். 52 எடுக்கிறவருக்கு 70-க்கும் மேல். நீங்கள் பார்க்கும் 62 சென்ட், அதாவது, நூறு புள்ளியில் ஒரே ஒரு புள்ளி. காலைப் பயிற்சியைப் பார்த்துவிட்டு "இன்னிக்கு ஃபோர்ஹேண்ட் அபாரம்" என்று சொல்கிறோமே, அந்தக் கண்ணால் நூற்றில் ஒரு புள்ளியை அளக்க முடியுமா என்று யோசியுங்கள். என்னால் முடியவில்லை.

புல்தரைக்கு வருவோம். விம்பிள்டனில் 2001 முதல் முழுக்க ரை புல்தான், 8 மில்லிமீட்டர் உயரத்துக்கு வெட்டி வைக்கிறார்கள். பந்து தாழ்ந்து, வழுக்கிக்கொண்டு வரும். சர்வ் போடுகிறவருக்குக் கொண்டாட்டம். இதைக் கணக்கில் பாருங்கள். சர்வில் 60 சதவீதப் புள்ளி எடுப்பவர் தன் கேமை 74 சதவீத நேரம் காப்பாற்றுவார். 65 ஆனால் 83. 70 ஆனால் 90. புள்ளியில் ஐந்து ஐந்தாக ஏற, கேமில் ஒன்பது, ஏழு என்று ஏறுகிறது. அதனால் புல்லில் பிரேக், அதாவது எதிராளி சர்வ் போடும் கேமை எடுப்பது, அரிதாக நடக்கும், நடந்துவிட்டால் விலை பயங்கரமாகக் குதிக்கும். இரண்டு பேரும் சமபலம், ஒரு செட்டில் 4-4 என்று வையுங்கள். ஒருவர் பிரேக் செய்து 5-4 ஆகிறார், அடுத்து அவர் சர்வ். 60 சதவீதக்காரர்கள் என்றால் அந்த செட் அவருக்கு 87 சதவீதம். 65 என்றால் 91. 70 என்றால் 95. ஒரு நிமிடத்துக்கு முன்னால் 50-ல் இருந்தது. அதே பிரேக் களிமண் தரையில் இவ்வளவு பெறாது, ஏனென்றால் அங்கே திருப்பி பிரேக் செய்வது அவ்வளவு அரிதில்லை.

கண்ணெதிரே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 2025 விம்பிள்டனில்தான் கோட்டு நடுவர்களை முதன்முறையாக முழுக்க நீக்கிவிட்டு எலக்ட்ரானிக் முறைக்கு மாறினார்கள். ஜூலை 6, சென்டர் கோர்ட், நான்காவது சுற்று: ரஷ்யாவின் பாவ்லியுசென்கோவாவும் பிரிட்டனின் சோனே கார்தாலும். முதல் செட் 4-4, பாவ்லியுசென்கோவா சர்வில் அவருக்கு அட்வான்டேஜ், இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் கேம் அவருக்கு. கார்தால் அடித்த பந்து கோட்டுக்கு வெளியே விழுகிறது. "அவுட்" என்ற குரல் வரவில்லை. கோர்ட்டின் ஒரு பகுதியில் கருவியை யாரோ தவறுதலாக அணைத்து வைத்திருந்தார்கள். நாற்காலி நடுவர் ஆட்டத்தை நிறுத்தி, போனில் பேசி, கடைசியில் புள்ளியைத் திரும்ப ஆடச் சொன்னார். பாவ்லியுசென்கோவா அந்தப் புள்ளியை இழந்தார், பின்னர் கேமையும் இழந்தார். "என் கேமைத் திருடிவிட்டீர்கள்" என்கிற ரீதியில் நடுவரிடம் கொதித்தார்.

சந்தைக் கண்ணால் இதைப் பார்ப்போம். இருவரும் சமபலம், சர்வில் 60 சதவீதம், மூன்று செட் மேட்ச். பந்து முறையாக அவுட் என்று சொல்லப்பட்டிருந்தால் அவர் 5-4. மேட்ச் விலை சுமார் 57 சென்ட். பிரேக் ஆனபோது 32. ஒரு கருவியின் சுவிட்ச், 25 சென்ட். பழைய முடிவுகளை வைத்து வீரர் பலத்துக்கு எண் போடும் எந்த எலோ கணக்கிலும், வேறு எந்த மாடலிலும் இதற்கு இடமில்லை. அந்த 32-ல் வாங்கியவர் இருந்திருந்தால் சிரித்திருப்பார்: பாவ்லியுசென்கோவா அந்த செட்டை டை-பிரேக்கரில் எடுத்து 7-6, 6-4 என்று ஜெயித்துவிட்டார்.

"புல்தரை கணிக்கச் சுலபமா" என்று கேட்டீர்கள். ஒரு மேட்ச்சுக்குள் கணக்கு தெளிவு. மேட்ச் தொடங்கும் முன் கணக்கு கலங்கல். காரணம் தரவு பஞ்சம். பிரெஞ்சு ஓபன் ஜூன் முற்பகுதியில் முடிகிறது, விம்பிள்டனுக்கு மூன்று வாரம். 2015-க்கு முன் அதுவும் இரண்டு வாரம்தான். குவீன்ஸ், ஹாலே, ஈஸ்ட்போர்ன் என்று ஒன்றிரண்டு புல்தரைப் போட்டிகளில் ஆடிவிட்டு வந்துவிடுகிறார்கள். ஒரு வருடத்தில் ஒரு வீரர் கடின தரையில் நாற்பது மேட்ச் ஆடினால் புல்லில் ஏழெட்டு. உலகத் தரவரிசையோ எல்லாத் தரைகளையும் ஒரே மூட்டையாகக் கட்டுகிறது.

இந்தக் கோளாறை விம்பிள்டன் நடத்தும் கிளப் எப்போதோ புரிந்துகொண்டது. முன்னணி வீரர்கள் ஆரம்பச் சுற்றிலேயே மோதிக்கொள்ளாதபடி வரிசைப்படுத்துவதுதான் சீடிங். 2002 முதல் 2019 வரை ஆண்கள் சீடிங்குக்கு அவர்கள் தனிச் சூத்திரம் வைத்திருந்தார்கள். தரவரிசைப் புள்ளியை எடு. கடந்த 12 மாதத்தில் புல்தரையில் எடுத்த புள்ளியை அப்படியே இன்னொரு முறை கூட்டு. அதற்கு முந்தைய 12 மாதத்தில் மிகச் சிறப்பாக ஆடிய ஒரு புல்தரைப் போட்டியின் புள்ளியில் 75 சதவீதத்தைச் சேர். வெள்ளைச் சட்டை கனவான்கள் நடத்திய கணிப்பு மாடல் என்று நான் இதைச் சொல்வதுண்டு. 2019-ல் இந்தக் கணக்குப்படி தரவரிசையில் மூன்றாவதாக இருந்த ஃபெடரர் இரண்டாவது சீட் ஆனார், இரண்டாவதாக இருந்த நடால் மூன்றாவது. நடாலுக்குக் கோபம். அரையிறுதியில் இருவரும் மோதி ஃபெடரர் நான்கு செட்டில் ஜெயித்தார். 2021-லிருந்து சூத்திரத்தைத் தூக்கிவிட்டார்கள். எனக்கு அதில் வருத்தம்தான்.

பெண்கள் பிரிவில் கலங்கல் இன்னும் அதிகம். 2016-ல் செரீனாவுக்குப் பிறகு 2025 வரை நடந்த எட்டு விம்பிள்டனுக்கும் எட்டு வேறு வேறு சாம்பியன்கள். 2023-ல் ஜெயித்த வோந்த்ருசோவா சீட் கூட இல்லாதவர். 2025-ல் முதல் சுற்றிலேயே மூன்றாம் நிலை ஸ்வெரெவ் போனார், பெண்களில் மூன்றாம் நிலை பெகுலா போனார், சில வாரம் முன்னால்தான் களிமண்ணில் பிரெஞ்சு ஓபன் ஜெயித்துவிட்டு வந்த காஃபும் போனார்.

"அப்படியானால் விலை தப்பாக இருக்குமே, அங்கே காசு இருக்குமே" என்று நீங்கள் துள்ளுவது தெரிகிறது. நானும் துள்ளியிருக்கிறேன். முதல் சீசனில் புல்தரைக்கு மட்டும் ஒரு எலோ கணக்கு எழுதி, சந்தை விலையோடு ஒப்பிட்டு, ஐந்து சென்ட் வித்தியாசம் தெரிந்த இடத்தில் எல்லாம் வாங்கினேன். சில வாரம் கழித்துத்தான் உறைத்தது. வித்தியாசம் பெரிதாகத் தெரிந்த மேட்ச்களில் பாதிக்கு மேல், எனக்குத் தெரியாத ஒன்று சந்தைக்குத் தெரிந்திருந்தது: முந்தைய நாள் பயிற்சியைப் பாதியில் நிறுத்தியவர், இரட்டையரிலிருந்து விலகியவர், தொடையில் கட்டோடு வந்தவர். என் கணக்கில் பழைய ஸ்கோர்கள் இருந்தன, அவர்கள் கணக்கில் அன்று காலை இருந்தது. ஐந்து சென்ட் வித்தியாசம் கண்ணில் பட்டால் "சந்தை முட்டாள்" என்று நினைக்காமல் "எனக்கு எது தெரியவில்லை" என்று தேடும் பழக்கம் அப்போது வந்தது. ஆளில்லாத சின்னப் போட்டிகளில் விலை நிஜமாகவே தப்பாக இருக்கும். ஆனால் அங்கே வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவே ஆறேழு சென்ட் பள்ளம் இருக்கும், தப்பை அந்தப் பள்ளமே விழுங்கிவிடும்.

காயம் என்றதும் நீங்கள் கேட்காத, ஆனால் கேட்டிருக்க வேண்டிய ஒன்று: மேட்ச் பாதியில் நின்றால்? 2025 ஜூலை 7, நான்காவது சுற்று. முதல் நிலை வீரர் சின்னருக்கு எதிராக திமித்ரோவ் 6-3, 7-5, 2-2. அற்புதமாக ஆடிக்கொண்டிருந்தார். மூன்றாவது செட்டில் சர்வ் போட்டவர் நெஞ்சுத் தசையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். விலகல். சின்னர் முகத்தில் ஜெயித்த களையே இல்லை. அதே சின்னர் ஆறு நாள் கழித்து அல்கராஸை வென்று கோப்பையைத் தூக்கினார்.

இரண்டு செட் பின்தங்கிய நிலையில் சின்னருக்கு என்ன விலை நியாயம்? ஒவ்வொரு செட்டையும் எடுக்க அவருக்கு 60 சதவீதம் என்றால் மூன்றையும் எடுக்க 22 சதவீதம். 65 என்றால் 27. இதில் காயத்துக்கு எவ்வளவு சேர்ப்பீர்கள்? திமித்ரோவ் அதற்கு முந்தைய நான்கு கிராண்ட்ஸ்லாமிலும் மேட்ச் பாதியில் விலகியவர், இது ஐந்தாவது. அந்தத் தகவல் ஒளித்து வைக்கப்பட்டதில்லை, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். செட் கணக்கு மட்டும் போடும் மாடலுக்குத் தெரியாது, பழைய டென்னிஸ் ரசிகருக்குத் தெரியும். மாடலைவிட மனிதர் கொஞ்சம் மேல் என்று நான் ஒப்புக்கொள்ளும் இடம் இது ஒன்றுதான்.

பணம் யாருக்கு என்பது விதியைப் பொறுத்தது. பெட்ஃபேரில் ஒரு செட்டாவது முடிந்திருந்தால் அடுத்த சுற்றுக்குப் போகிறவரே வென்றவர். முதல் செட் முடியும் முன் விலகினால் எல்லாப் பந்தயமும் ரத்து. சில புக்மேக்கர்கள் மேட்ச் முழுதாக முடிந்தால்தான் கணக்கு என்பார்கள். ஆக அன்று இரவு சின்னர் மேல் பணம் போட்ட இரண்டு பேரில் ஒருவர் முழு லாபத்தோடும், மற்றவர் போட்ட காசோடும் வீடு திரும்பியிருக்கலாம். ஒப்பந்தத்தின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும் தீர்வு விதியைப் படிக்காமல் விலையைப் படிப்பதில் அர்த்தமே இல்லை. விலகல், மழையால் தள்ளிவைப்பு, ஆடாமலே கொடுக்கப்படும் வாக்ஓவர், மூன்றுக்கும் மூன்று விதி இருக்கும். பாலிமார்க்கெட்டில் முடிவு தகராறானால் அது உமா என்ற தனி அமைப்பின் ஓட்டெடுப்புக்குக்கூடப் போகும்.

சட்டம் பற்றிக் கேட்கவில்லை என்றாலும் ஒரு வார்த்தை. இந்தியாவிலிருந்து இதில் இறங்க நினைக்காதீர்கள். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்ற பழைய வாதத்தையே ஓரம்கட்டிவிட்டு, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை மொத்தமாகத் தடை செய்தது. நடத்துகிறவர்களுக்கு மூன்று வருடம் வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம். விளம்பரத்துக்கும் பணப் பரிமாற்றத்துக்கும் தடை. "கருத்து வர்த்தகம்" என்ற பெயரில் அங்கே ஓடிக்கொண்டிருந்த செயலிகள் அதோடு கடையைக் கட்டின. சிங்கப்பூரும் 2025 ஜனவரியில் பாலிமார்க்கெட்டை முடக்கியது. வி.பி.என். போட்டு உள்ளே போய் ஜெயித்தால்கூட, பணத்தை வெளியே எடுக்கும்போது அடையாள அட்டை கேட்பார்கள். அப்போது யாரிடமும் முறையிட முடியாது.

இப்போது நொடிகளின் கதை. விம்பிள்டன் மைதானத்துக்குள் ஹென்மன் ஹில் என்று ஒரு புல்மேடு உண்டு. கோர்ட் டிக்கெட் இல்லாதவர்கள் ஸ்ட்ராபெர்ரியும் கையுமாக அங்கே உட்கார்ந்து, முதலாம் கோர்ட் சுவரில் இருக்கும் பெரிய திரையில் மேட்ச் பார்ப்பார்கள். அங்கே உட்கார்ந்திருந்த ஒரு மாலை, சென்டர் கோர்ட்டிலிருந்து காற்றில் ஒரு பெரும் இரைச்சல் வந்தது. திரையில் அப்போதுதான் சர்வ் மேலே எறியப்படுகிறது. புள்ளி யாருக்கு என்று இரைச்சலின் சுருதியை வைத்தே பக்கத்தில் இருந்த பெரியவர் சொன்னார், சொன்னபடியே நடந்தது. கூப்பிடு தூரத்திலேயே இத்தனை தாமதம். வீட்டு டி.வி.யில் இன்னும் சில நொடி. மொபைல் ஸ்ட்ரீமில் அரை நிமிடம் வரை போகும்.

எதிர்ப்பக்கத்தில் இருப்பவருக்கு என்ன வருகிறது? நாற்காலி நடுவர் ஒவ்வொரு புள்ளிக்கும் கையிலிருக்கும் கருவியில் தட்டுகிறார். அந்தத் தட்டல் காசு கொடுத்து வாங்கியவர்களின் கணினிக்கு உடனே ஓடுகிறது. அதையும் முந்த வேண்டும் என்று கோர்ட் ஓரத்தில் ஆளை உட்காரவைத்து, பாக்கெட்டுக்குள் பொத்தான் அழுத்தவைத்த கூட்டமும் உண்டு. 2014 ஆஸ்திரேலிய ஓபனில் ஓர் ஆங்கிலேய இளைஞரை இதற்காகக் கைதே செய்தார்கள். பிறகு வழக்கு கைவிடப்பட்டது. இப்படித் தகவல் திருட்டு நடக்கும் என்பதால்தான் பெட்ஃபேர் போன்ற இடங்களில் மேட்ச் நடக்கும்போது நீங்கள் போடும் பந்தயம் சில நொடி காக்கவைக்கப்பட்டே ஏற்கப்படுகிறது. முக்கியமான புள்ளிக்கு முன் ஆர்டர் புக்கைக் கவனித்துப் பாருங்கள். பிரேக் பாயின்ட் என்றதும் பெரிய ஆர்டர்கள் சட்டென்று மறையும், புள்ளி முடிந்ததும் புதிய விலையில் திரும்ப முளைக்கும். நடுவில் மறக்காமல் பழைய விலையில் நின்றுகொண்டிருப்பவர் நம்மைப் போன்றவர்தான்.

இதை வைத்துக்கொண்டு உங்கள் 97 சென்ட்டுக்கு வருகிறேன். 97 போட்டு 3 எடுப்பது என்றால், 32 முறை ஜெயித்தது ஒரே தோல்வியில் போய்விடும். சரி, நிஜ வாய்ப்பு 97-க்கு மேல் இருந்தால் லாபம்தானே? இருக்கும் இடம் ஒன்றைக் காட்டுகிறேன்.

2019 ஜூலை 14, ஆண்கள் இறுதி, ஃபெடரரும் ஜோகோவிச்சும். ஐந்தாவது செட் 8-7, ஃபெடரர் சர்வ், 40-15. இரண்டு சாம்பியன்ஷிப் பாயின்ட். அவருக்குச் சர்வில் 65 சதவீதம் என்று வைத்தால், இரண்டு புள்ளியையும் விட்டு, 40-40 என்ற டியூஸிலும் தோற்க வாய்ப்பு 3 சதவீதத்துக்கும் கீழே. தோற்றாலும் 8-8, அப்போதும் பாதிக்குப் பாதி. மொத்தத்தில் ஃபெடரர் ஜெயிக்க 98.6 சதவீதம். அந்த மேட்ச் முழுவதிலும் ஃபெடரர் எடுத்த புள்ளிகள் 218, ஜோகோவிச் 204. மொத்தம் நாலு மணி 57 நிமிடம் ஓடிய மேட்ச்சில் ஐந்தாவது செட்டை 13-12 என்று எடுத்து ஜெயித்தவர் ஜோகோவிச். மூன்று டை-பிரேக்கரையும் அவரே எடுத்தார். இது அபூர்வம், எழுபதில் ஒன்று; அதனால் சந்தையைக் குறை சொல்ல மாட்டேன்.

நான் பார்ப்பது வேறு இடத்தை. கணக்கு 98.6 என்று சொல்லும் நேரத்தில் உங்கள் திரையில் ஃபெடரர் 97 சென்ட்டுக்குக் கிடைக்கிறார் என்று வையுங்கள். சும்மா கிடைக்கும் ஒன்றரை சென்ட். கை துறுதுறுக்கும். அழுத்துவதற்கு முன் அதை விற்கிறவர் யார் என்று யோசியுங்கள். 98.6 பெறுமானப் பொருளை 97-க்குக் கொடுக்க அவருக்கு என்ன வந்தது? முதல் பாயின்ட்டில் ஃபெடரரின் ஃபோர்ஹேண்ட் அகலமாக வெளியே போனதை அவர் பார்த்தாயிற்று. இரண்டாவதில் ஃபெடரர் நெட்டுக்கு ஏறி வர, ஜோகோவிச் குறுக்கே அடித்த ஃபோர்ஹேண்ட் அவரைத் தாண்டிப் போனதையும் பார்த்தாயிற்று. டியூஸ் ஆகிவிட்டது. உங்கள் திரையில் ஃபெடரர் இன்னும் 40-15-ல், பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு நிற்கிறார்.